முகராத நாற்றம்

உடம்பு உணர்ந்ததிலிருந்து அனுபவக் கட்டுரை எழுத வருகிறவர்களோடு சென்னையில் உட்கார்ந்து பேசும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளே திரும்ப வந்து நிற்கின்றன. உவமைகளைக் கொட்டுவது, ஐம்புலன்களுக்கும் ஆளுக்கொரு வரி ஒதுக்குவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முகராததை எழுதுவது

எனக்கு இன்றும் கோபம் வரவழைப்பது இதுதான். அண்மையில் ஒருவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் அதிகாலை ஏலத்தைப் பற்றி எழுதி வந்து வாசித்தார். முதல் வரியே "மீன் நாற்றம் குடலைப் புரட்டியது". கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவர் இருந்தார். "விடிகாத்தால எறங்குற மீனு நாறாதுக்கா. நீங்க நெசமா வந்தீங்களா?" என்றார். எழுதியவர் உண்மையிலேயே அங்கே போயிருந்தார். ஆனால் அந்த வரியைப் போவதற்கு முன்பே முடிவுசெய்து வைத்திருந்தார்.

அந்தப் பெண் சொன்னது சரி. கடல்மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் பெருகி டிரைமீதைலமின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கும்போதுதான் நாம் மீன் நாற்றம் என்பது எழும். புதுமீனில் அது மிகக் குறைவு. சுறாவும் திருக்கையும் வேறு. அவற்றின் உடம்பிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறுவதால் நெடி சீக்கிரமே ஏறிவிடும். அங்கே நின்று மூச்சை இழுத்திருந்தால் டீசல், ஈரக் கயிறு, சுறா கிடக்கும் மூலை எல்லாம் தனித்தனியாகத் தெரிந்திருக்கும்.

கற்பனைக் கதையில் என்றால் அந்த வரி வெறும் தேய்ந்த வரி. நடந்ததை எழுதுகிறேன் என்று வாசகரிடம் சொன்ன பிறகு அது பொய். அதிலும், குப்பத்து மக்கள் மீது காலங்காலமாகச் சுமத்தப்பட்ட நாற்றத்தை இன்னொருமுறை சுமத்தும் பொய். அந்தப் பெண் மீதிக் கட்டுரையைக் காதில் வாங்கவே இல்லை. ஏலம் விடுபவரின் கையசைவைப் பற்றி அதில் அருமையான பத்தி ஒன்று இருந்தது.

தாமதமாகக் குறிப்பெடுப்பது

மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். போய் இறங்கியதும் எழுதுங்கள்.

போனை நம்புவது

படத்தில் புழுக்கம் பதியாது.

அவசரப்பட்டுப் பெயர் வைப்பது

நெஞ்சு படபடத்தால் உடனே "பயந்தேன்" என்று எழுதிவிடுகிறார்கள். மாம்பலம் ஸ்டேஷன் படியேறினாலும் படபடக்கும். மே மாதம் ரங்கநாதன் தெருவில் வழியும் வியர்வை பதற்றமாக இருக்க வேண்டியதில்லை. கடலோர ஈரக்காற்றில் வியர்வை லேசில் காயாது. எது இறுகியது, தாடையா தோளா, எப்போது தளர்ந்தது என்று முதலில் எழுதுங்கள். பெயர் பிறகு வரட்டும். வராமலே போனாலும் நல்லதுதான்.

வாசனை கிளப்பிய நினைவைச் சாட்சியாக்குவது

மூக்கிலிருந்து போகும் செய்தி, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை நேராகவே தொடுகிறது. அதனால் ஒரு சேற்று வாடையில் 2015 டிசம்பர் வெள்ளம் மொத்தமும் திரும்பி வந்துவிடலாம். துல்லியமாகத் தோன்றுவதாலேயே அது சரியாகிவிடாது. தண்ணீர் முழங்கால்வரை நின்றதாக நினைவிருந்தால், அன்று உடனிருந்த பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். அவர் இடுப்புவரை என்றால் இரண்டையும் எழுதுங்கள், எதை யார் சொன்னார் என்பதோடு.