கையில சுகர் சென்சார் ஒட்டுறப்போ கவனிக்க வேண்டியது

விரல்ல குத்திக் குத்தி அலுத்துப்போய் லிப்ரே மாதிரி, தோல்ல ஒட்டி வச்சா சுகர தொடர்ந்து காட்டுற சென்சார் வாங்குறவங்க, பெட்டிய பிரிச்ச வேகத்துல கையில அமுக்கிடுறாங்க, ரெண்டு நாள்ல பிச்சுக்கிட்டு வந்துடுச்சுன்னு புலம்பல் வேற. 14 நாள் தாங்க வேண்டிய ஐட்டம்ங்க, விலையும் சும்மா இல்ல.

மேல் கையோட பின்பக்கம் சதையான இடமா பாருங்க, தழும்பு, மச்சம், இன்சுலின் போடுற இடம் வேணாம். எந்தப் பக்கம் ஒருக்களிச்சு தூங்குவீங்களோ அந்தக் கையும் வேணாம், ஏன்னா உடம்பு பாரம் சென்சார் மேல அழுந்தினா சுகர் நிஜமா குறையாமலே 60, 55ன்னு காட்டி, அலாரம் வச்சிருந்தா நடுராத்திரி வீட்டையே எழுப்பிடும்.

அன்னைக்கு கையில எண்ணெய், லோஷன் எதுவும் கூடாது. முடி இருந்தா ஷேவ் பண்ணி, சாதா சோப்பு போட்டு கழுவி, ஸ்பிரிட் வைப்ஸால தொடைங்க, அது தானா காயணும், ஊதாதீங்க. அப்புறம் அப்ளிகேட்டர (சென்சார ஒட்டுறதுக்கு கூட வர்ற கருவி) வச்சு ஒரே அழுத்தா அழுத்தி எடுத்தா ஊசி வெளிய வந்துடும், 5 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசா ஒரு இழை மட்டும் தோலுக்குள்ள தங்கும். ஓரத்த சுத்தி விரலால நல்லா தேச்சு விடுங்க, பிரியுறது எப்பவும் ஓரத்துலதான் ஆரம்பிக்கும்.

முதல் 1 மணி நேரம் ரீடிங் வராது, முதல் நாள் நம்பரையும் ரொம்ப நம்ப வேணாம். இது ரத்தத்துல பாக்கல, செல்லுங்களுக்கு நடுவுல இருக்குற தண்ணியில பாக்குது, அதனால சாப்பிட்டதும் ஏறுறப்போவும் மாத்திரைக்கு இறங்குறப்போவும் சில நிமிஷம் பின்னாடிதான் வரும். சுகர் இறங்கின மாதிரி கை நடுங்கி வேர்த்துக் கொட்டுது, மெஷின்ல 110ன்னு இருக்குன்னா உடனே விரல்ல குத்திப் பாருங்க. விட்டமின் சி மாத்திரை அதிக டோஸ்ல போட்டா ரீடிங் பொய்யா ஏறும். எம்ஆர்ஐ எடுக்கப் போறீங்கன்னா சில மாடல முன்னாடியே கழட்டணும், உங்க மாடலுக்கு எப்படின்னு கேட்டுக்கோங்க. போனையோ ரீடரையோ சென்சார்கிட்ட காட்டி ஸ்கேன் பண்ற மாடல்னா 8 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்கேன் பண்ணுங்க, விட்டா பழைய டேட்டா அழிஞ்சிடும்.

கழட்டுறப்போ வெடுக்குன்னு இழுக்காம ஓரத்துல தேங்கா எண்ணெய் தடவி ஊறவிட்டு மெதுவா உரிங்க. அடுத்தத மத்த கையில போடுங்க, அடியில செவந்து கொப்புளம் வந்திருந்தா டாக்டர்கிட்ட காட்டிட்டு போடுங்க.