நாள் முழுக்க வேப் பிடிப்பவருக்குக் கருவி செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பிடித்துவிட்டு எறியும் வேப்களை, அதாவது மின் சிகரெட்டுகளை, விற்கத் தடை. அதற்குப் பிறகு, சார்ஜ் போட்டு நீண்ட நாள் வைத்துக்கொள்ளும் கருவிகளை வடிவமைக்கப் புதிதாகப் பலர் இறங்கியிருக்கிறார்கள், நம் தமிழ்ப் பிள்ளைகள் உட்பட. அவர்கள் கொண்டுவந்து காட்டும் மாதிரிகளைத் திறந்தால், எங்கள் பட்டறையில் ஒரு காலத்தில் காசைக் கரைத்த அதே தவறுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சோல்டர் விட்டுப்போவது, வயர் மாறிப்போவது போன்றவற்றை முதல் மாதிரியே கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மின் சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். நான் எழுதுவது அனுமதி உள்ள நாடுகளில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு.

ஓயாமல் வேப் இழுப்பவர்களில் பலர், நாளுக்கு ஒன்றிரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்துவிட்டு அதை விட்டவர்கள். மத்தியானம் கருவி செத்துப்போனால் அவர்கள் நேராகப் போகிற இடம் சிகரெட் கடை. கருவி உழைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

சென்சாரைப் பாடுக்கு நேர் கீழே வைப்பது

திரவம் இருக்கும் டேங்க், அதைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயில், காயிலுக்குத் திரவம் ஊட்டும் பஞ்சு, இவை சேர்ந்த கழற்றி மாட்டும் பகுதிதான் பாடு (pod). சென்சார் அதன் நேர் கீழே இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. வருகிற மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் இதே கதைதான்.

பட்டன் இல்லாத கருவியில், வாயால் இழுப்பதைக் கண்டுபிடிக்கச் சின்ன அழுத்த சென்சார் ஒன்று இருக்கும். உள்ளே மெல்லிய சவ்வு. அதன் ஒரு பக்கம் காற்றுப் பாதை, மறுபக்கம் வெளிக்காற்று. இழுத்தால் சவ்வு வளையும், மின்தேக்குதிறன் மாறும், சிப் காயிலுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். காற்று பாடின் அடியில் நுழைவதால், சென்சாரையும் அதன் நேர் கீழே வைத்தால் பாதை குறுகும், போர்டும் சிறியதாகும். வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் ஆவி முழுவதும் வாய்க்குப் போவதில்லை. அது புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சேர்ந்த நுண்துளிகள். குளிர்ந்த சுவரில் பட்டால் ஈரமாகப் படியும், இழுப்பு நின்றதும் கீழே இறங்கும். டேங்கில் இருக்கிற காற்றும் சும்மா இருக்காது. சூடானால் விரிந்து, திரவத்தைப் பஞ்சு வழியாக வெளியே தள்ளும். விமானத்தில் கேபின் அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கு இறங்கலாம். அப்போது உள்ளே அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் கேட்கும். பாதி காலியான டேங்க்தான் அதிகம் கசியும், காற்று அதில்தானே அதிகம். எப்போதாவது இழுப்பவரின் கருவியில் இந்த ஈரம் அளவுக்கு மீறாது. ஓயாமல் இழுப்பவரின் கருவி காயவே காயாது.

தம்பி ஒருவர் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணா, டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்றார். எப்படி டெஸ்ட் செய்தீர்கள் என்று கேட்டேன். வேப் சோதனை இயந்திரத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20768 முறை என்றார்: ஒரு இழுப்பு 55 மில்லிலிட்டர், 3 விநாடி, 30 விநாடிக்கு ஒருமுறை. ஆவியின் வேதியியலை ஆய்வகங்கள் ஒப்பிட அது நல்ல முறை. கருவியின் ஆயுளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இடைவெளியை 10 விநாடியாகக் குறையுங்கள், அவ்வப்போது நிறுத்திப் படுக்கவையுங்கள், கொஞ்சம் சூடான இடத்தில் விட்டு மறுபடி ஓட்டுங்கள் என்றேன்.

சில நாளில் கருவியோடு வந்தார். மேசைமேல் யாரும் தொடாமல் கிடந்த கருவியின் விளக்கு தானாக எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. பாடைக் கழற்றினோம். சென்சாரின் உலோக மூடிமேல் பழுப்பு நிறத்தில் ஒரு படலம். சிலிக்கான் வளையத்தைச் சுற்றிப் பிசுபிசுப்பு. வெளிக்காற்றுத் துளையை ஒற்றைத் துளி அடைத்துக்கொண்டிருந்தது. சவ்வு தன் நிலைக்குத் திரும்பவே இல்லை, யாரோ இழுத்துக்கொண்டே இருப்பதாகச் சிப் நம்பிக்கொண்டிருந்தது. இது ஒருவர் சட்டைப்பையில் நடந்தால் காற்றோட்டம் இல்லாமல் காயில் சுடும், பஞ்சு வறண்டு கருகும், பக்கத்துப் பிளாஸ்டிக் இளகும்.

சென்சாரை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். முதன்மைக் காற்றுப் பாதையிலிருந்து மெல்லிய கிளை ஒன்றை மேல்நோக்கி எடுத்து, அதன் முனையில் வையுங்கள். பாதையின் மிகத் தாழ்ந்த இடத்தில் சின்னக் குழி, அதில் திரவம் உறிஞ்சும் பட்டை, பயனர் துடைத்துவிடக்கூடிய மாதிரி. போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுக்கும்போது சென்சாரின் துளைகளை மறைத்துக்கொள்ளுங்கள். துளைக்கும் சேர்த்துப் பூசி, சென்சாரைக் கொன்றவர்கள் உண்டு. சிப்பில் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் 8 அல்லது 10 விநாடியில் கட்டாய நிறுத்தம் வையுங்கள். அதோடு, நிறுத்தியபின் அழுத்தம் இயல்புக்குத் திரும்பியதாகத் தெரியாதவரை அடுத்த இழுப்புக்கு அனுமதிக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஈரமான சென்சார் பத்துப் பத்து விநாடியாகக் காயிலை எரித்துக்கொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் உடலை வார்க்கும் அச்சை வெட்டியபின் இதைத் திருத்த முடியாது. புது அச்சுதான். அதனால்தான் முதலில் இதையே பார்க்கச் சொல்கிறேன்.

பேட்டரியின் எம்ஏஎச் எண்ணை மட்டும் பார்ப்பது

800 எம்ஏஎச் செல்லில் ஏறத்தாழ 3 வாட்-மணி ஆற்றல். 12 வாட்டில் 3 விநாடி இழுத்தால் 0.01 வாட்-மணி போகும். இழப்பெல்லாம் கழித்து ஒரு சார்ஜுக்கு 250 இழுப்பு என்று வையுங்கள். நாளுக்கு 500 இழுப்பவர் தினமும் இரண்டு முழு சார்ஜ் போடுவார். 300 சுழற்சி தாங்கும் செல் அவரிடம் ஐந்து மாதத்தில் தளர்ந்துவிடும். செல்லைப் பெரிதாக்குங்கள், அல்லது 4.2 வோல்ட்டுக்குப் பதில் 4.1 வோல்ட்டில் சார்ஜை நிறுத்துங்கள். கொள்ளளவில் பத்து சதவீதம் போல விட்டுக்கொடுத்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 12 வாட் என்றால் 3.4 ஆம்பியர் போல இழுக்கும். 800 எம்ஏஎச் செல்லுக்கு அது, ஒரு மணி நேரத்தில் காலியாக்கும் மின்னோட்டத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல் சுமை. தாங்குமா என்று செல்லின் தரவுத்தாளில் பாருங்கள், விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

யுஎஸ்பி சி

சார்ஜ் போர்ட்டில், என்ன கருவி செருகியிருக்கிறது என்று சார்ஜருக்குச் சொல்லும் இரண்டு சிசி பின்களுக்கும் தனித்தனி 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர். இல்லையென்றால் இரு முனையும் சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறாது.

டேங்க் பிளாஸ்டிக்

திரவத்தில் சேர்க்கும் இலவங்கப்பட்டை, எலுமிச்சை வகை மணங்கள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யும். அதற்குப் பதில் பிசிடிஜி என்ற பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி.

காயிலும் சாகாமல் உழைக்க வேண்டும் என்று நினைப்பது

காயில் தேயும் பொருள். இனிப்புக்குச் சேர்க்கும் சுக்ரலோஸ் அதில் கரியாகப் படியும், பஞ்சு கருகும். வறண்ட பஞ்சு அதிகம் சூடானால் ஃபார்மால்டிஹைடு உருவாகும், இழுப்பவர் நுரையீரலுக்குத்தான் அது போகும். ஆகவே காயிலைச் சுலபமாக மாற்ற வழி செய்யுங்கள். எஸ்எஸ் 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பியானால் சூட்டுக்கேற்ப மின்தடை ஏறுவதை அளந்து, வறண்டதும் நிறுத்திவிடலாம்.

பசை போட்டு மூடுவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதிமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கருவிக்குள் இருக்கும் சிறிய பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். இப்போதே திருகுக்கு மாறுங்கள். திருகைப் பிளாஸ்டிக்கில் நேராக இறக்காதீர்கள், சில தடவை கழற்றி மாட்டினாலே மரை போய்விடும். பித்தளை மரைக்குழலைச் சூடாக்கிப் பதித்து, அதில் இறக்குங்கள்.