குரல்வளையை விரலால் தொட்டு அறிவது எப்படி?

தேவையானவை: முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, நன்றாக ஆறிய பிளேன்டீ அரைக் கோப்பை, நகம் வெட்டிய கை. தேத்தண்ணி சூடாக இருக்கக் கூடாது. பல தடவை விழுங்க வேண்டியிருக்கும்.

தொடங்குமுன் ஒன்று. கழுத்தின் நடுக்கோட்டில் மட்டும் தொடுங்கள், அதுவும் இலேசாக. இரண்டு பக்கமும் துடிக்கும் பெரிய இரத்தக் குழாய்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் தலை சுற்றும், மயக்கமும் வரலாம்.

படி 1: இடம் கண்டுபிடித்தல்

தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். சுட்டுவிரலைத் தாடைக்கு அடியில் வைத்து நேரே கீழே இறக்குங்கள். தாடையும் கழுத்தும் சேரும் மடிப்பில் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அது நாவடி எலும்பு. வேறெந்த எலும்போடும் மூட்டுப் போடாமல், தசைகளில் தொங்கிக்கொண்டிருப்பது. அதற்குக் கீழே சின்னப் பள்ளம், பிறகு V வடிவ வெட்டு, அதிலிருந்து இறங்கும் மேடு. ஊரில் சங்கு என்று சொல்வது இதைத்தான். பெயர் கேடயக் கசியிழையம், அதாவது குரல்வளையின் முன்பக்கக் குருத்தெலும்பு. இரண்டு தகடுகள் முன்னால் சேர்ந்து கூரைபோல் நிற்கின்றன. ஆண்களுக்கு அந்தக் கோணம் ஏறக்குறைய 90 பாகை, பெண்களுக்கு 120 பாகை. அதனால்தான் ஆண்களின் சங்கு துருத்திக்கொண்டு தெரிகிறது.

மேட்டைத் தாண்டினால் விரல்நுனி பதியும் மெத்தென்ற இடைவெளி. இதை மறக்காதீர்கள், படி 4க்கு வேண்டும். அதன் கீழே மோதிரக் கசியிழையம். முன்னால் ஒடுக்கம், பின்னால் உயரம், முத்திரை மோதிரம் போலவே. முழு வட்டமாக இருப்பது இது ஒன்றுதான். இதற்குக் கீழுள்ள வாதனாளியின் (மூச்சுக் குழாயின்) வளையங்கள் பின்பக்கம் திறந்தவை, அந்தப் பக்கத்தில் உணவுக் குழாய் ஒட்டிக்கொண்டு இறங்குகிறது.

பெண்களும் பிள்ளைகளும் இங்கேதான் தவறுவார்கள். மேடு தட்டையாக இருப்பதால் நாவடி எலும்பையே சங்கு என்று நினைத்துவிடுவார்கள். அப்படியானால் கீழிருந்து வாருங்கள். நெஞ்செலும்புக்கு மேலுள்ள குழியில் விரலை வைத்து மேலேற்றினால், மெல்லிய வளையங்களுக்குப் பிறகு தடித்ததாக வருவது மோதிரம். அதற்கு மேலே சங்கு.

படி 2: விழுங்குதல்

இரண்டு விரலைச் சங்கில் வைத்து ஒரு மிடறு தேத்தண்ணி விழுங்குங்கள். சங்கு சட்டென்று மேலேறி, விரலைத் தாண்டி, திரும்ப இறங்கும். மிடறு என்பதே தொண்டைக்குப் பழைய பெயர்தான், அது ஏறி இறங்கும் ஒரு தடவைக்குள் அடங்குவது ஒரு மிடறு.

அந்த ஒரு செக்கனுக்குள் குரல்வளை மேலே இழுபட்டு நாக்கின் அடிக்குள் ஒதுங்குகிறது. மூச்சுக்குழல்வாய் மூடி பின்னால் மடிகிறது, உள்ளே குரல் நாண்களும் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது. விழுங்கிக்கொண்டே மூச்சிழுக்கப் பாருங்கள், முடியாது. சாப்பிடும்போது சிரித்தாலோ பேசினாலோ இந்த ஒழுங்கு குலைகிறது, புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். தட்டுவதால் ஒன்றும் வெளியே வராது, இருமலே வெளியேற்றும். இரும விடுங்கள். இருமவோ பேசவோ முடியாமல் முகம் நீலம் பாரித்தால் நிலைமை வேறு. ஆளை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் 5 தடவை பலமாகத் தட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும்.

படி 3: அப்பா, அம்பு

விரல் சங்கிலேயே இருக்கட்டும். "ம்ம்ம்" என்றால் தேனீக்கூட்டைத் தொட்டதுபோல் அதிரும். "ஸ்ஸ்ஸ்" என்றால் அதிர்வில்லை. இப்போது மெதுவாக "அப்பா", "அம்பு" என்று சொல்லுங்கள். எழுத்து ஒன்றுதான், பகரம். "அப்பா"வில் நடுவே அதிர்வு அறுந்துபோகும். "அம்பு"வில் அறாமல் ஓடும். எழுத்தில் காட்டாத வித்தியாசத்தை விரல் காட்டிவிடுகிறது.

அதிர்வது இரண்டு குரல் நாண்கள். பேச்சில் ஆண்களுக்குச் செக்கனுக்கு நூற்றுச் சொச்சம் தடவை, பெண்களுக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று தட்டிப் பிரிகின்றன. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தால் அவை தெரியா. தெரிவது உள்நாக்கும் பக்கத்துச் சதைகளும்தான், நாண்கள் நாக்கின் வேருக்கும் கீழே இருக்கின்றன. 1854இல் மனுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் சாய்த்துப் பிடித்து, சூரிய வெளிச்சத்தில் தன் நாண்களைத் தானே பார்த்தார்.

படி 4: சுருதி ஏற்றுதல்

விரல்நுனியை அந்த மெத்தென்ற இடைவெளியில் வையுங்கள். தாழ்ந்த குரலில் "ஆ" எடுத்து மெதுவாக உச்சிக்குக் கொண்டுபோங்கள். இடைவெளி ஒடுங்கும். சங்கும் மோதிரமும் நெருங்கும்போது உள்ளே நாண் இழுபட்டு இறுகுகிறது, இறுகினால் சுருதி ஏறும். ஒன்றும் தெரியாவிட்டால் அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். விரலைத் தளர்த்துங்கள்.

படி 5: பாரம் தூக்குதல்

கனமான எதையாவது தூக்குங்கள். தூக்கும் கணத்தில் மூச்சு தானாக அடைபடும். கொழுந்துச் சாக்கைத் தூக்கும்போது "ம்க்கும்" என்று வருகிறதே, அது மூடிய நாண்களைக் காற்று விலக்கும் சத்தம். நாண் மூடிக் காற்றை அடைத்தால்தான் நெஞ்சு உறுதியாக நின்று கைக்குப் பிடிமானம் கொடுக்கிறது. காவல்தான் குரல்வளையின் முதல் தொழில், பேச்சு அதன் மேல் வந்தது.

தொண்டை கட்டுவது ஏன்?

எதிர் மலையில் நிற்பவரைக் கூப்பிட்டே பழகிய குரல், மாசியில் இரவிரவாகக் காமன் கூத்துப் பாடும் குரல், 40 பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஆசிரியரின் குரல், மூன்றுக்கும் அடி விழுவது ஒரே இடத்தில்: நாணின் முன் மூன்றிலொரு பங்கு முடியும் இடம். அங்கேதான் நாண்கள் மிகப் பலமாக மோதுகின்றன. முதலில் வீங்கும், ஓய்வில்லாவிட்டால் காய்ப்புப் போல் தடிக்கும். செருமிச் செருமிச் சரிசெய்யப் பார்ப்பது மோதலைக் கூட்டும். செருமத் தோன்றினால் எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு மிடறு தண்ணீர். வலிந்து குசுகுசுப்பதும் ஓய்வாகாது. விறகடுப்புப் புகையிலும் சிகரெட்டிலும் நாண் காய்ந்து சிவக்கும்.

கரகரப்பு 3 வாரம் தாண்டினாலோ, விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, சளியில் இரத்தம் கண்டாலோ பெரியாஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போங்கள். புகைப்பவர்களும் புகையிலையோடு வெற்றிலை போடுபவர்களும் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். கழுத்துக் கட்டியைப் பார்க்கும் டொக்டர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லுவார். படி 2இல் செய்ததேதான். சங்கோடு சேர்ந்து ஏறி இறங்கும் கட்டி பெரும்பாலும் தைரொயிட் சுரப்பியினுடையது.