‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ ஈடிப்பஸ் நாடகத்தின் தற்செயல்களை மேடையில் கையாளும் விதம்

‘ஈடிப்பஸ் மன்னன்’ சோபோக்கிளிஸ் எழுதிய பழைய கிரேக்க நாடகம். மலையில் விட்டுவிடச் சொல்லி ஓர் இடையனிடம் கொடுத்த அரச குழந்தை கைமாறி, கொரிந்து ஊர் அரசன் வீட்டில் வளர்ந்து, தெரியாமலே தகப்பனைக் கொன்று தாயை மணக்கிறது; பிறகு அவனே விசாரித்து உண்மையைக் கண்டுபிடிக்கிறான். இதை எடுத்துப் பழகத் தொடங்கினால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ குழுவில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “சேர், கொரிந்துல இருந்து சேதி கொண்டு வர்ற ஆளேதான் அந்தக் கொழந்தைய வாங்குன ஆளுமா? இதெல்லாம் நடக்கிற காரியமா?” ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தபோது எனக்கும் இதே கேள்வி வந்தது. ‘கதை அப்படித்தான், நீ வசனத்தைச் சொல்லு’ என்று அந்தப் பிள்ளையின் வாயை மூடிவிடாதீர்கள். பார்க்க வருகிறவர்களும் அதையேதான் கேட்பார்கள்.

முதலில் ஒரு கொப்பியை எடுத்து, நாடகத்தில் நம்ப முடியாததாகத் தெரிகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் திரை திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை எவை, நம் கண்முன் நடப்பவை எவை என்று பிரியுங்கள். தகப்பனைக் கொன்று தாயை மணப்பாய் என்ற வாக்குக்குப் பயந்து ஓடுகிறவன் சரியாக அந்தத் தாய் இருக்கும் ஊருக்கே வந்து சேர்கிறான். வழியில் மூன்று பாதைகள் கூடும் இடத்தில் ஒரு கிழவரைக் கொல்கிறான்; அவர்தான் தன்னைப் பெற்ற அரசன் லேயஸ் என்று அவனுக்குத் தெரியாது. அரசனாகி இத்தனை வருடம் ஆகியும் முந்திய அரசன் எப்படிச் செத்தான் என்று அவனுக்குத் தெரியாமலே இருக்கிறது! இவை எல்லாம் நாடகத்துக்கு வெளியே நடந்தவை. இந்தக் கடைசி விஷயத்தைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலே கவனித்திருக்கிறார். பொருந்தாத ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்றால் அது நாடகத்துக்கு வெளியே இருக்கட்டும் என்று சொல்லி, ‘கவிதையியல்’ என்ற தன் நூலில் இதையே உதாரணமாகக் காட்டுகிறார். அதனால் அவற்றை விளக்கப் புறப்படாதீர்கள். நாங்கள் ஒருமுறை அந்த முச்சந்திக் கொலையை முன்காட்சியாகச் சேர்த்து, கம்புச் சண்டையோடு ஆடிப் பார்த்தோம். ஈடிப்பஸ் தன் வாயால், தாய் என்று தெரியாமல் மணந்த அரசி ஜொகாஸ்டாவிடம் சொல்லும்போது வருகிற நடுக்கம் அதில் வரவே இல்லை. எடுத்துவிட்டோம்.

கண்முன் நடக்கும் தற்செயல்கள் இரண்டுதான், வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. கொரிந்துக்காரன் வருவதற்கு அவனுக்கென்று ஒரு காரணம் உண்டு. ஈடிப்பஸை வளர்த்த கொரிந்து அரசன் பொலிபஸ் இறந்துவிட்டான், ஊரார் ஈடிப்பஸை அரசனாக்கப் போகிறார்கள், முதலில் போய்ச் சொன்னால் ஏதாவது கிடைக்கும் என்று அவனே ஒளிவில்லாமல் சொல்கிறான். ஆகவே நடிகர் அவனைச் சந்தோஷமான மனிதனாகவே நடிக்க வேண்டும். ஈடிப்பஸின் பயத்தைப் போக்கத்தான் ‘பொலிபஸ் உன்னைப் பெற்றவர் இல்லை’ என்கிறான். நல்லது செய்யப் போய்த்தான் எல்லாம் கவிழ்கிறது. அந்த இடத்தில் தயவுசெய்து இடி, மின்னல், பின்னணி இசை எதுவும் போடாதீர்கள்.

மற்றவன் ஆட்டிடையன், லேயஸின் பழைய வேலைக்காரன். குழந்தையைக் கொடுத்தவனும் அவன்தான், கொலையில் தப்பி வந்தவனும் அவன்தான். இதுதான் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கியது. ஆனால் சோபோக்கிளிஸ் செய்திருப்பதைப் பாருங்கள்: அவனைக் கூப்பிடுவது வேறொரு கேள்விக்காக, கொன்றது ஒருவனா பலரா என்று கேட்பதற்காக. அவன் வந்து நிற்கும்போது பேச்சு குழந்தையின் பக்கம் போய்விடுகிறது, கூப்பிட்ட கேள்வியை யாருமே கேட்பதில்லை. ‘நாம் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருக்கிறோமே, அவன்தான் இவனும் என்று நினைக்கிறேன், அரசியைக் கேளுங்கள்’ என்று கோரஸ், அதாவது மேடையில் நிற்கும் ஊர்ப் பெரியவர்கள் குழு, சொல்லும் வரியை நிதானமாகச் சொல்ல வையுங்கள். அந்த நேரம் பார்வையாளர் கண் ஜொகாஸ்டாவின் முகத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவளுக்குப் புரிந்துவிட்டது. விசாரிக்க வேண்டாம் என்று மன்றாடுகிறாள். அதற்குப் பிறகு ‘இது எப்படி நடக்கும்’ என்று எவரும் நினைக்க மாட்டார்கள், இவன் நிறுத்துவானா மாட்டானா என்றுதான் பார்ப்பார்கள். அவன் நிறுத்தவில்லை. அது தற்செயல் இல்லை, அவன் குணம்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன், மலைநாட்டுக் குழுக்களுக்கு உதவும். கொரிந்துக்காரனும் அந்தக் காலத்தில் இடையன்தான். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தது கித்தேரோன் மலையில். வசந்தம் தொடங்கி ஆறு ஆறு மாதமாக மூன்று பருவம் பக்கத்தில் பக்கத்தில் மேய்த்திருக்கிறார்கள், இது நாடகத்திலேயே இருக்கிறது. நம் தோட்டங்களில் எல்லை ஓடைக்கு அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கிறவளை இந்தப் பக்கத்து அக்காவுக்குத் தெரியாதா? ஆபீஸிலிருந்து தபால் கொண்டு வருகிறவரே சாவு வீட்டில் தப்பு அடிப்பார். உங்கள் அம்மாவை வலி வந்த ராத்திரியில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவரும் அவராக இருக்கலாம். ஆள் கொஞ்சமாக இருக்கும் இடத்தில் அதே நாலு பேர்தான் எல்லாவற்றுக்கும் சாட்சி. இதைச் சொன்னதும் மண்டபத்தில் தலைகள் ஆடின. செய்தி கொண்டு வருகிறவனாக நடித்த தம்பி அன்றைக்கே நடையை மாற்றிக்கொண்டான்.

இன்னொன்று, கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாசியில் காமன் கூத்துப் பார்க்கப் போகிற எல்லாருக்கும் மன்மதன் எரியப் போவது தெரியும். ரதி எவ்வளவு தடுத்தும் அவன் போவான் என்றும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து அழுகிறார்கள். ஏதென்ஸ்காரர்களும் ஈடிப்பஸ் கதையைத் தெரிந்துகொண்டே வந்தவர்கள். நம் லயத்துச் சனத்துக்கு அது தெரியாது, அதனால்தான் தற்செயல்கள் அவர்களுக்குத் துருத்திக்கொண்டு தெரிகின்றன. ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் வந்து ஐந்து நிமிடத்தில் முழுக் கதையையும் சொன்னால் போதும்.

சொந்தமாக எழுதுகிறவர்கள், தற்செயல் ஆளைச் சிக்க வைக்கலாம், காப்பாற்றக் கூடாது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கிரேக்க நாடகத்தின் நாயகி மெடியா கடைசியில் தெய்வத் தேரில் ஏறித் தப்புவதை அரிஸ்டோட்டில் குறையாகத்தான் சொன்னார்.

இடையன் வரும் காட்சிக்குக் கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கொரிந்துக்காரன் பழைய சிநேகிதனைக் கண்ட சந்தோஷத்தில் ‘மலையில் ஒன்றாக மேய்த்தோமே, ஞாபகம் இல்லையா’ என்று நெருங்கிப் போகட்டும். இடையன் அவனைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தபடி நிற்கட்டும்.