ரிலீஸ் பேரிங் மாத்தும்போது இதையெல்லாம் செஞ்சிராதீங்க

அண்ணாச்சி, கிளட்ச மிதிக்கும்போது பிரஷர் பிளேட்ட அமுக்கி கிளட்ச விடுவிக்கிறதுதான் ரிலீஸ் பேரிங். கிளட்ச் பக்கம் சத்தம் கேட்ட உடனே கியர்பாக்ஸ இறக்கச் சொல்லிராதீங்க. வண்டிய நியூட்ரல்ல ஓடவிட்டு மொதல்ல காது குடுத்துக் கேளுங்க. கிளட்ச மிதிச்சா கரகரன்னு வந்து, காலை எடுத்தா நின்னுச்சுன்னா ரிலீஸ் பேரிங்தான் பெரும்பாலும். அதுவே மிதிக்காதப்போ சத்தம் வந்து மிதிச்ச உடனே அடங்குச்சுன்னா கியர்பாக்ஸ் உள்ள இன்புட் ஷாஃப்ட் (இஞ்சின் சுத்த கியர்பாக்ஸுக்கு கொண்டுபோற தண்டு) பேரிங்க பாக்கணும், ரிலீஸ் பேரிங்க மாத்தி ஒரு பிரயோசனமும் கெடையாது. இஞ்சின் ஆஃப்ல மிதிச்சாலே கிறீச்சுன்னா பெடல்லயோ, பேரிங்க தள்ளுத ஃபோர்க்குலயோ கிரீஸ் காஞ்சு கெடக்கும்.

பேரிங் விலை பெருசில்ல, கியர்பாக்ஸ இறக்கி ஏத்துத கூலிதான் காசு. அதனால மாஞ்சோலை மலை ரோட்டுல ஹாஃப் கிளட்ச்சுலயே, அதாவது கிளட்ச பாதி மிதிச்சபடியே ஏறி எறங்குன வண்டி, வண்ணார்பேட்டை நெரிசல்ல தெனமும் நிக்கிற வண்டி இதுக்கெல்லாம் பேரிங் மட்டும் போதும்னு நிறுத்தாதீங்க, கிளட்ச் டிஸ்க், அத அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டும் தேஞ்சிருந்தா மூணையும் செட்டா போட்டுருங்க, இல்லன்னா டிஸ்க் போனப்புறம் அதே கூலிய திரும்ப அழணும்.

எனக்கு நெஞ்சு பதறுதது எதுன்னா, புது பேரிங்க பெட்ரோல்ல கழுவி மாட்டுதாங்க பாருங்க, அதுதான். அது சீல் பண்ண பேரிங், கிரீஸ கம்பெனிலயே உள்ள வச்சுதான் அனுப்புதாங்க. கழுவுனா அந்த கிரீஸ் கரைஞ்சு உள்ள பால் எல்லாம் காஞ்சு ஓடும், அப்புறம் புது பேரிங்கும் கத்தத்தான் செய்யும். பக்கத்துல நின்னீங்கன்னா தயவுசெஞ்சு தடுத்துருங்க. இன்னொரு பக்கம், இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைன்ல, அதாவது டிஸ்க் ஏறுத பல்லு வரில கிரீஸ அப்பிருவாங்க. சுத்துத வேகத்துல அது தெறிச்சு டிஸ்க்குல பட்டா கிளட்ச் ஸ்லிப் ஆவும். லேசா தடவி மிச்சத்த தொடைச்சிரணும்.

ஃபோர்க் நுனியும் பேரிங் ஏறி எறங்குத கைடு குழாயும் பள்ளம் விழுந்திருக்கான்னு வெரல வச்சு தடவிப் பாருங்க, விழுந்திருந்தா புது பேரிங் கோணலா உக்காந்து சீக்கிரமே போயிரும். டிஸ்க்குல ஃப்ளைவீல் (இஞ்சினோட சுத்துத சக்கரம்) பக்கம்னு போட்டிருக்கத பாக்காம திருப்பி மாட்டுதவங்களும் உண்டு. கியர்பாக்ஸ ஏத்தும்போது பாதியில இன்புட் ஷாஃப்ட்டுலயே தொங்க விட்டா டிஸ்க் வளைஞ்சிரும், சேராத கியர்பாக்ஸ போல்ட்ட முடுக்கி இழுத்தா அதுல போல்ட் மாட்டுத காது ஒடைஞ்சிரும், அதனால அடியில ஜாக்கி கண்டிப்பா வேணும்.

சில வண்டில பேரிங்கும் ஹைட்ராலிக் சிலிண்டரும் ஒண்ணா இருக்கும். அதுல கியர்பாக்ஸ் ஏறுததுக்கு முன்னால யாரும் பெடல தொடக்கூடாது, பிஸ்டன் வெளிய வந்துரும். மாட்டுனப்புறம் கிளட்ச் ஆயில் லைன்ல நிக்கிற காத்த வெளிய எடுக்கணும். கேபிள் வண்டின்னா மேனுவல்ல சொன்ன ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்ய ஆரம்பிக்குமுன்ன பெடல் சும்மா எறங்குத தூரம்) வைக்கணும், கொஞ்ச நாள் ஓட்டிட்டு அத மறுபடி பாத்துக்கிடுங்க.