குளிர்காலத்துக்கு டியூப்லெஸ் டயர் எடுக்கும்போது விரல்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

ரோடு சைக்கிளுக்கு டயர் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் முதலில் எடையைப் பார்க்கிறார்கள், அப்புறம் வேகத்தை. கோடைக்கு அது சரி. குளிர்காலத்துக்கு எடுக்கிற டியூப்லெஸ் டயரிடம், அதாவது உள்ளே டியூப் இல்லாமல் ஓடும் டயரிடம், நான் முதலில் கேட்கிற கேள்வி வேறு: இரண்டு டிகிரி குளிரில், கையுறை நனைந்து, விரல் மரத்துப்போன நிலையில், இருட்டில் நின்றுகொண்டு இதை என்னால் கழற்றி மாட்ட முடியுமா? முடியாது என்றால் அது எவ்வளவு கெட்டியான டயராக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு குளிர்கால மாலை, வீட்டுக்கு 18 கிலோமீட்டர் இருக்கும்போது பின் டயரில் கண்ணாடிச் சில்லு ஏறியது. கிழிசல் 4 மி.மீ. இருக்கும். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றிவைக்கும் திரவமான சீலன்ட் வெள்ளையாகப் பீய்ச்சி சீட்டின் அடிவரை தெறித்தது, ஆனால் அடைக்கவில்லை. சரி, டியூப் போட்டுவிடலாம் என்று பார்த்தால் வால்வின் நட்டு காய்ந்த சீலன்டில் ஒட்டிப்போய் அசையவே இல்லை. அதை ஒருவழியாகக் கழற்றிய பிறகு டயரின் கடைசி ஒரு சாண் ரிம்முக்குள் ஏற மறுத்தது. கட்டைவிரலில் உணர்ச்சியே இல்லை, எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே தெரியவில்லை. அன்றைக்கு முக்கால் மணி நேரம் போனது. அந்த டயர் மோசமான டயர் அல்ல, கோடையில் அருமையாக ஓடியது. அந்த ரிம்முக்கும் அந்தப் பருவத்துக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் பஞ்சர் கூடுவதற்கு நேரான காரணம் இருக்கிறது. ரப்பரை வெட்டுகிறவர்கள் கத்தியை நனைத்துக்கொண்டு வெட்டுவார்கள், அப்போதுதான் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஈரச் சாலையில் கண்ணாடிச் சில்லும் கூர்மையான கல்லும் டயருக்குள் அதே மாதிரிதான் இறங்குகின்றன. மழை இந்தச் சில்லுகளையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து சாலையோரத்தில் சேர்க்கிறது, நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான். போதாக்குறைக்கு ஈர டயரில் அவை ஒட்டிக்கொண்டே சுற்றுகின்றன, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகின்றன.

ஆகவே முதல் முடிவு அகலம். சைக்கிள் சட்டத்திலும் ஃபோர்க்கிலும் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்கு ஏற்ற அகலமான டயரை எடுங்கள். 25 மி.மீ. டயரைக் குளிர்காலத்தில் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 28 நல்லது, 32 இன்னும் நல்லது. அகலம் கூடினால் காற்றழுத்தத்தைக் குறைக்கலாம். அழுத்தம் குறைந்தால் டயர் கல்லின் மீது மோதிக் கிழியாமல் அமுங்கிக்கொடுக்கும், ஈரத்தில் பிடிமானமும் கூடும், சீலன்டுக்கும் ஓட்டையை அடைப்பது சுலபம். ஆனால் மட்கார்டு போடுகிறவர்கள் அதற்கும் சேர்த்து அளக்க வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஐந்தாறு மி.மீ. இடைவெளியாவது இல்லாவிட்டால் சேறும் இலையும் அடைத்து உரசும். டயரில் 28 என்று அச்சிட்டிருந்தாலும் அகலமான ரிம்மில் அது 29, 30 வரை விரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது கவசம். டயரின் நடுப்பகுதியில், ரப்பருக்கு அடியில் ஒரு பாதுகாப்புப் பட்டை இருக்கும். கான்டினென்டல் நிறுவனம் இதற்கு வெக்ட்ரான் என்ற இழையைப் பயன்படுத்துகிறது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் காற்றுப்பைகளின் மேல் துள்ளித் துள்ளித்தானே இறங்கியது, அந்தப் பைகளும் இதே இழையில் நெய்தவைதான். வேறு நிறுவனங்கள் நைலானையோ அராமிட் இழையையோ பயன்படுத்துகின்றன. பெயர் எதுவாகவும் இருக்கட்டும், நீங்கள் கேட்க வேண்டியது இந்தப் பட்டை எதுவரை போகிறது என்பதைத்தான். பந்தய டயர்களில் பெரும்பாலும் நடுப்பகுதியோடு நின்றுவிடும், சைட்வால், அதாவது டயரின் பக்கச்சுவர், மெல்லிய தோல் மாதிரி இருக்கும். நடுவில் விழும் ஓட்டையை சீலன்ட் அடைக்கும், ஓட்டைக்குள் திணிக்கும் பிளக் போட்டும் சமாளிக்கலாம். சைட்வால் கிழிந்தால் சாலையோரத்தில் செய்வதற்கு அதிகம் எதுவும் இல்லை. அதனால் ஒரு பீடிலிருந்து (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) மறு பீட் வரை பாதுகாப்பு உண்டு என்று சொல்லும் டயருக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். இதற்கு விலையாக எடை ஏறும், டயருக்குச் சில வாட் உருளல் தடையும் கூடும். கனமான உடை, விளக்கு, மட்கார்டு எல்லாம் சுமந்துகொண்டு போகும்போது அந்தச் சில வாட்டை நீங்கள் உணரப்போவதில்லை.

டிபிஐ எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்பதுதான் அது. எண் கூடினால் நூல் மெல்லியது, டயர் மிருதுவானது. குறைந்தால் நூல் தடித்தது, முரடானது என்பது பொது விதி. ஆனால் சில நிறுவனங்கள் எல்லா அடுக்குகளையும் கூட்டிச் சொல்கின்றன. கான்டினென்டலின் 330 என்பது 110 நூல் கொண்ட மூன்று அடுக்குகள். இரண்டு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயன் இல்லை.

கடையில் எல்லோரும் தடவிப் பார்ப்பது மேலே உள்ள கோடுகளையும் பள்ளங்களையும்தான். கார் டயர் மாதிரி பள்ளம் இருந்தால்தான் தண்ணீரில் வழுக்காது என்று நினைக்கிறோம். விமான டயர்களுக்காக உருவாக்கிய ஒரு கணக்கு உண்டு: டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வருகிறது. சைக்கிள் டயர் அதைவிடக் குறுகலானது, தண்ணீரை இன்னும் எளிதாக விலக்கித் தள்ளிவிடும். ஆக, நம் பிடிமானத்தைத் தீர்மானிப்பது ரப்பர் கலவையும் காற்றழுத்தமும்தான், கோடுகள் அல்ல. சிலிக்கா கூடுதலாகக் கலந்த, ஈரத்துக்கென்று செய்த கலவை என்றால் நல்லது. ரொம்ப நாள் உழைக்கட்டும் என்று கட்டையான ரப்பரில் செய்த மலிவு டயர்களிடம் ஜாக்கிரதை, குளிரில் அவை மேலும் இறுகி, ஈரமான வளைவில் சொல்லாமல் வழுக்கும். பனிக்கட்டி மேல் மட்டும் எந்தக் கலவையும் வேலை செய்யாது. அங்கே டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு ஓட்டாமல் இருந்துவிடுங்கள்.

இப்போது ரிம்முக்கு வருவோம். உங்கள் ரிம் ஹூக்லெஸ் வகையா, அதாவது டயரின் பீடைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி மாதிரி மடிப்பு இல்லாததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆம் என்றால், ஹூக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று டயர் நிறுவனமும் ரிம் நிறுவனமும் ஒப்புக்கொண்ட டயரையும் அகலத்தையும் மட்டுமே போட வேண்டும், அழுத்தம் 5 பாரை, அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. டியூப் வகை டயரை சீலன்ட் ஊற்றி டியூப்லெஸ் ஆக்கும் வேலையே வேண்டாம். அதன் பீட் நீண்டுகொடுத்து, ஓடும்போதே ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

டயர் வீட்டுக்கு வந்ததும் சீலன்ட் ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாட்டுங்கள், காற்றடித்து பீட் ரிம்மில் உட்காரும் டப், டப் சத்தம் கேட்கட்டும். பிறகு காற்றை இறக்கி, வெறும் கையால் பீடை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக் கழற்றப் பாருங்கள். மறுபடி மாட்டும்போது வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் தொடங்கி, இரண்டு கையாலும் பீடைப் பள்ளத்தில் அழுத்திக்கொண்டே வந்து வால்வு இருக்கும் இடத்தில் முடித்தால்தான் கடைசிப் பகுதிக்குத் தளர்வு கிடைக்கும். எனக்கு அன்றைக்குச் சாலையில் இது தெரியாமல் போயிற்று. சூடான அறையில், டயரை நெம்பும் லீவர் இரண்டு வைத்தும் திணறுகிறீர்கள் என்றால் அந்த ஜோடியைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். ரிம் டேப் இரண்டு சுற்று ஒட்டியிருந்தால் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள், அந்த ஒரு சுற்றே வித்தியாசம் காட்டும்.

பெயர் சொல்லுங்கள் என்றால், கான்டினென்டல் கிராண்ட் பிரி 5000 ஆல் சீசன் டிஆர் நான் முதலில் பார்க்கச் சொல்வது. வேகத்தில் அதிகம் விட்டுக்கொடுக்காமல் சைட்வாலையும் காக்கிறது. பயிற்சிக்கு மட்டும், எடை பரவாயில்லை என்கிறவர்கள் விட்டோரியா ரைட்ஆர்மரையும் பைரெல்லி சின்டுராடோ வீலோவையும் பார்க்கலாம். ஹட்சின்சன் ஃபியூஷன் 5 வரிசையிலும் ஆல் சீசன் உண்டு. உங்கள் ரிம்மில் எது சுலபமாக ஏறுகிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

சீலன்ட் 28 மி.மீ. டயருக்கு 40 மி.லி. போதும், 32க்கு 50 போல ஊற்றுங்கள். சில மாதங்களில் அது வற்றிவிடும். குளிர்காலம் தொடங்கும்போது ஒருமுறை, நடுவில் ஒருமுறை பார்த்து நிரப்புங்கள். வால்வு நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள், மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் அன்றைக்குப் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும்.

காற்றழுத்தம் பார்க்கும்போது குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி அறையில் 70 பி.எஸ்.ஐ. வைத்து, 0 டிகிரி வெளியே போனால் அது 64 ஆக இறங்கிவிடும். 75 கிலோ எடை உள்ளவர் 28 மி.மீ. டயரில் 65, 32 மி.மீ. டயரில் 52 என்று தொடங்கி, குழியில் விழும்போது ரிம் தட்டுகிறதா என்று பார்த்து ஏற்றி இறக்கலாம்.

பையில் பிளக் கருவி, ஒரு டியூப், இரண்டு லீவர், பம்ப், கிழிசலுக்கு உள்ளிருந்து வைக்க ஒரு பழைய டயர்த் துண்டு. மெல்லிய உலர்ந்த கையுறை ஒரு ஜோடியும் போடுங்கள், நனைந்ததைக் கழற்றி இதை மாட்டிக்கொண்டால் விரல் திரும்பி வரும்.

ஈரத்தில் ஓட்டி வந்த அன்றே டயரைத் துடைத்து, விளக்கொளியில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சில்லு மின்னும். ஊசி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். காற்று சீறினால் அந்த இடத்தைக் கீழே திருப்பி வைத்தால் சீலன்ட் தேடி வரும். பின் டயர்தான் முதலில் தேயும். தேய்ந்ததும் முன் டயரைப் பின்னால் மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும்.