கத்திரி வெயிலில் நாயை வாக்கிங் கூட்டிப்போவது எப்படி?

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நாக்கின் ஈரம் காற்றில் ஆவியானால்தான் உடம்பு குளிரும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது சரியாக நடக்காது. வெயில் குறைவுதானே என்று அங்கே அசந்துவிடக் கூடாது.

1. மே மாதத்தில் காலை ஆறரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள். பொழுது சாய்ந்தவுடன் கிளம்பாதீர்கள். பகல் முழுக்கக் காய்ந்த தார்ச்சாலை ஆற நெடுநேரம் ஆகும். புறங்கையைச் சாலையில் 7 வினாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. மண் தரையும் மரநிழலும் உள்ள தெருவாகப் பாருங்கள்.

2. இழுத்துக்கொண்டு ஓடும் நாய்க்குக் கழுத்துப்பட்டை தொண்டையை நெரிக்கும். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் நல்லது. வாய்ப்பூட்டு தேவைப்பட்டால் கூடை வடிவத்தில் உள்ளதை மட்டும் போடுங்கள். துணிப்பூட்டு போட்டால் நாயால் வாய் திறந்து இரைக்கவே முடியாது.

3. அரை லிட்டர் தண்ணீரும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொடுங்கள். மொத்தம் 20 நிமிட நடை போதும். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குப் பத்து நிமிடமே அதிகம். பந்து விளையாட்டு வேண்டாம். வீடு வந்து இரைப்பு அடங்கிய பிறகு சாப்பாடு வையுங்கள்.

4. நடக்கும்போது நாக்கைக் கவனித்துக்கொண்டே இருங்கள். நாக்கு அகன்று நீண்டு தொங்கினால், நிழலைப் பார்த்ததும் படுத்துக்கொண்டால், அன்றைய நடை முடிந்தது. இழுக்காதீர்கள்! அது அடம்பிடிக்கவில்லை.

ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டிப்பட்டு, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக். நாயின் இயல்பான உடல்சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. முதலில் குளிர்வியுங்கள், பிறகு மருத்துவரிடம் போக வண்டியைத் தேடலாம். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆனால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கொதிக்கும். குடம் அல்லது கீழ்த்தொட்டித் தண்ணீரை எடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். எழுந்து வாலாட்டினாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் தெரியவரலாம்.